எட்டாம் வகுப்பு மாணவிக்கு இரைகொல்லிப் பறவைகள்: எங்கிருந்து தொடங்குவது?

மன்னை டியூஷன் (கேள்வி)

வணக்கம். மன்னார்குடி பக்கத்துக் கிராமம். என்னிடம் டியூஷன் படிக்கும் எட்டாம் வகுப்பு மாணவிக்குப் பருந்து, கழுகு, ஆந்தை மீது பெரிய ஆர்வம். பிப்ரவரியில் பள்ளி அறிவியல் கண்காட்சி, இப்போது அக்டோபர். சார்ட் பேப்பரில் படம் ஒட்டி "இது கழுகு, இது பருந்து" என்று எழுதுவதோடு முடிய வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சுற்றிலும் சம்பா வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு. ஊர் நடுவே பழைய சிவன் கோயில், கோபுரத்தில் கூகை என்ற ஆந்தை இருப்பதாகச் சொல்கிறார்கள். மாணவியிடம் சைக்கிள் இருக்கிறது. பைனாகுலர் இல்லை, வாங்கலாம்.

மூன்று கேள்விகள். எத்தனை இனத்தோடு தொடங்கலாம்? வானத்தில் எல்லாமே கறுப்பாகத் தெரியும்போது எதை வைத்துப் பிரிப்பது? எண்களோடு முடிவு சொல்லும்படியான வேலை ஏதாவது இந்த வயதுக்கு உண்டா?

கரிச்சான்

ஐந்து போதும். செம்பருந்து, கள்ளப்பருந்து, கருந்தோள் பருந்து, வைரி (உங்கள் பக்கம் வல்லூறு என்றும் சொல்வார்கள்), கூகை. டெல்டாவில் இந்த ஐந்தும் தெரிந்துவிட்டால் மற்றவை "இந்த ஐந்தில் ஒன்றில்லை" என்ற கேள்வியாகத் தானே வந்து நிற்கும். முதல் நாளே 30 படத்தைக் காட்டினால் எதுவும் மனதில் தங்காது.

நிறத்தைக் கடைசியில் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் பறவைக்குப் பின்னால் இருந்தால் நிறம் பொய் சொல்லும். வரிசை இதுதான்: பருமன், இறக்கையின் நுனி, வாலின் ஓரம், பறக்கும் விதம், அதன்பிறகு நிறம். பருமனுக்கு அளவுகோலாக மைனா, புறா, காகம், இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளட்டும். "பெரிசா இருந்துச்சு" என்று நோட்டில் எழுதக்கூடாது, "காகத்தைவிடப் பெரிது" என்று எழுத வேண்டும்.

கள்ளப்பருந்து காகத்தைவிடத் தெளிவாகப் பெரிது. வால் நுனி நடுவில் உள்வாங்கி லேசாகப் பிளந்திருக்கும். திரும்பும்போது வாலை இப்படியும் அப்படியும் முறுக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு: வாலை முழுதாக விரித்தால் அந்தப் பிளவு மறைந்து நேர்கோடாகிவிடும். ஆகவே ஒரு பார்வையில் முடிவு கட்டாமல், அது வாலை மடக்கும் வரை காத்திருக்க வேண்டும். குப்பைமேடு, கறிக்கடை, பேருந்து நிலையப் பக்கம் தேடுங்கள்.

செம்பருந்துக்கு வால் நுனி வட்டம். வளர்ந்த பறவையைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்: வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, மற்றதெல்லாம் செங்கல் நிறம். குழப்புவது இளம்பறவை. அது முழுக்கப் பழுப்பு, வெள்ளை கிடையாது, கள்ளப்பருந்து என்றே பாதிப்பேர் எழுதுவார்கள். வட்ட வாலைப் பார்த்தால்தான் தப்பிக்கலாம்.

கருந்தோள் பருந்து புறா அளவு, சாம்பல் வெள்ளை, தோளில் கறுப்புத் திட்டு, சிவந்த கண். கரண்ட் கம்பியில் உட்கார்ந்து வாலை மேலும் கீழும் ஆட்டும். வயலுக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும். பிறகு இறக்கைகளை மேலே தூக்கி வைத்தபடி கால்களைத் தொங்கவிட்டு இறங்கும். நவம்பரிலிருந்து சிவப்பு வல்லூறும் (கெஸ்ட்ரல், வைரி அல்ல) இதே மாதிரி அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். அதற்கு முதுகு செம்பழுப்பு, வால் நீளம், நுனியில் கறுப்புப் பட்டை. அது குளிர்கால விருந்தாளி. கோடையில் "சிவப்பு வல்லூறு பார்த்தேன்" என்று எழுதினால் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

வைரியும் புறா அளவுதான். குட்டையான, நுனி வளைந்த இறக்கை, நீண்ட வால். நாலைந்து அடி அடித்து ஒரு சறுக்கல், மறுபடி நாலைந்து அடி. தொண்டை நடுவில் ஒரு மெல்லிய கோடு கீழிறங்கும். இதற்கு ஒரு போலி உண்டு: அக்காக்குயில். அளவு, சாம்பல் நிறம், வாலில் பட்டைகள், பறக்கும் தோரணை எல்லாம் வைரியேதான். சின்னப் பறவைகளும் அதைக் கண்டு பதறும். அலகைப் பாருங்கள். வைரிக்குக் கொக்கி அலகு, குயிலுக்கு நேரான அலகு. காலும் காட்டிக்கொடுக்கும், குயிலுக்கு வேட்டைக்கால் கிடையாது.

குரலை மட்டும் நம்ப வேண்டாம். வைரியின் "கிக்கீ கிக்கீ" குரலை இரட்டைவால் குருவி அப்படியே போலி செய்யும். குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலிகளும் அதில் ஏமாறக்கூடும். பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே பெயர் எழுத வேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இரைகொல்லியைத் தேடுவதைவிட, அதைக் கண்டு கத்துபவர்களைத் தேடுவது சுலபம். காகக் கூட்டம் எதையோ துரத்துகிறது, அணில் விடாமல் கத்துகிறது, இரட்டைவால் குருவி மேலிருந்து பாய்கிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அதிகாலையில் வானத்தைப் பார்த்து நிற்பதும் வீண். வெயிலேறி நிலம் சூடாகி வெப்பக்காற்று எழும் 9 முதல் 11 மணிக்குத்தான் பெரிய பருந்துகள் வட்டமிட்டு மேலேறும். கம்பியில் உட்கார்ந்து வேட்டையாடும் சிறியவற்றுக்கு இது பொருந்தாது, அவற்றுக்குக் காலை 6.30 முதல் 8.30 வரையும் மாலை 4 மணிக்கு மேலும்.

தெற்கு வீதி

பைனாகுலர் பற்றி மட்டும் சொல்கிறேன். 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. பையில் போடும் 10x25-க்கு இதே கணக்கு 2.5 தான், மாலை மங்கலில் ஒன்றும் தெரியாது. 10x42 மோசமில்லை, ஆனால் 13 வயதுக் கையில் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். பறக்கும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதே பெரும்பாடு. "20-60 ஜூம்" என்று விற்பதைத் தொடவே வேண்டாம்.

வாங்கியதும் ஒருமுறை கண்ணுக்குப் பொருத்த வேண்டும். வலக்கண்ணை மூடி, தூரத்துப் போர்டு எழுத்தை நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துவைத்தால் வேறு யாராவது திருகிவிட்டாலும் திருப்பிக்கொள்ளலாம். இதைச் செய்யாததால்தான் "பைனாகுலர்ல பாத்தா தலை வலிக்குது" என்று பிள்ளைகள் பாதியில் விடுகிறார்கள். மாணவி கண்ணாடி போட்டிருந்தால் ரப்பர் குவளையைக் கீழே திருகிவிட வேண்டும்.

வட்டமிடும் பறவை சூரியனை நோக்கிப் போனால் அந்த இடத்திலேயே பைனாகுலரை இறக்கிவிட வேண்டும். இதை முதல் நாளே சொல்லுங்கள். ஒரு நொடிகூடச் சூரியனைப் பார்க்கக்கூடாது.

வரப்போரம்

எண்ணோடு வரும் வேலை கேட்டீர்கள். கருந்தோள் பருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில், உயரம் குறைந்த கம்பியில், ஒரே வயலைச் சுற்றி வேட்டையாடுவதால் 13 வயதுப் பிள்ளை தனியாகக் கணக்கெடுக்கத் தோதான பறவை அதுதான்.

கேள்வி ஒற்றை வரியாக இருக்கட்டும்: "பத்து முறை இறங்கினால் எத்தனை முறை எலி கிடைக்கிறது?"

ஒரு அமர்வு 30 நிமிடம். நோட்டில் ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு வரி. நேரம், எங்கிருந்து கிளம்பியது (கம்பி, மரம், அந்தரம்), அந்தரத்தில் எத்தனை நொடி நின்றது, தரைவரை போனதா அல்லது பாதியில் திரும்பியதா, முடிவு. முடிவுக் கட்டத்தில் மூன்றே சொற்கள்: கிடைத்தது, கிடைக்கவில்லை, தெரியவில்லை. அந்த மூன்றாவது சொல் கட்டாயம் வேண்டும். பயிர் உயரமாக இருக்கும்போது பறவை உள்ளே இறங்கி அங்கேயே தின்றுவிடலாம். அந்தச் சொல் இல்லாவிட்டால் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பக்கம் எழுதிவிடுவார்கள்.

கணக்கு இப்படி: 20 முறை இறங்கியது, 6 கிடைத்தது, 10 கிடைக்கவில்லை, 4 தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நாலும் தோல்வி என்றால் 30 சதவீதம், நாலும் வெற்றி என்றால் 50 சதவீதம். "30-க்கும் 50-க்கும் இடையில்" என்று எழுதுவதுதான் நேர்மையான விடை. நடுவர் "ஏன் ஒரே எண் சொல்லவில்லை?" என்று கேட்டால் இதையே விளக்கட்டும், அதற்கே மதிப்பெண் போடலாம்.

நவம்பரில் பயிர் உயரம் ஓரளவு, ஜனவரி கடைசியில் சம்பா அறுப்பு, அதன்பின் வெறும் அடிக்கட்டைதான். ஒரே பறவை, ஒரே வயல், அறுப்புக்கு முன்னும் பின்னும் என்று இரண்டு அட்டவணை போட்டால் ஒப்பிட நல்ல பொருள் கிடைக்கும். அறுப்பு மெஷின் ஓடும் நாளைத் தனியாக வைக்க வேண்டும். எலியும் வெட்டுக்கிளியும் சிதறி ஓடும், செம்பருந்து, கொக்கு எல்லாம் மெஷின் பின்னாலேயே வரும், அன்றைய எண் மற்ற நாளோடு சேராது. மாணவியும் மெஷினிலிருந்து தள்ளி நிற்கட்டும்.

தூரம் 50 மீட்டருக்குக் குறைய வேண்டாம். பறவை தலையை மேலும் கீழும் ஆட்டி உங்களையே பார்க்கிறது என்றால் அது வேட்டையை விட்டுவிட்டது. அந்த அமர்வு செல்லாது, இன்னும் தள்ளிப்போய் நிற்க வேண்டும்.

இது கடினமென்றால் இன்னொன்று. 5 கிலோமீட்டர் வயல்சாலை, வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம், சைக்கிளில் மெதுவாக. கம்பியிலும் கம்பத்திலும் உள்ள இரைகொல்லிகளைக் கிலோமீட்டர் வாரியாக எண்ணுவது. இதில் வழக்கமாக நடக்கும் பிழை: சைக்கிள் நெருங்க நெருங்கப் பறவை பறந்து அடுத்த கம்பத்தில் உட்காரும், ஒரே பறவையை மூன்று முறை எண்ணிவிடுவார்கள். விதி எளிது. முன்னால் பறந்து போனதை மறுபடி எண்ணாதே, பின்னால் போனதை மறந்துவிடு.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், ஈபேர்டில் (பறவைப் பட்டியல் பதியும் இணையதளம்) பட்டியல் போடலாம். குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட எல்லாப் பறவையையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். பருந்தை மட்டும் எழுதினால் அது முழுப்பட்டியல் ஆகாது. "எல்லாவற்றையும் பதிந்தீர்களா" என்ற கேள்விக்கு அப்போது "இல்லை" என்று போட வேண்டும்.

மன்னை டியூஷன்

அனைவருக்கும் நன்றி. கருந்தோள் பருந்தையே எடுத்துக்கொள்கிறோம். கோயில் கோபுரத்துக் கூகையை விட மனமில்லை. அது எலும்போடு உருண்டையாகக் கக்கும் என்று படித்தேன். அதைப் பிரித்துப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதா? எப்படிச் செய்ய வேண்டும்?

எலும்புப்பெட்டி

பாதுகாப்பாகச் செய்யலாம், ஆனால் வரிசை மாறக்கூடாது.

முதலில் ஏன் கூகை என்பது. கூகை எலியை முழுதாக விழுங்கும். வயிற்றில் அமிலம் குறைவு, அதனால் எலும்பும் மயிரும் கரையாமல் சில மணி நேரத்தில் உருண்டையாகத் திரண்டு வெளியே வரும். பருந்தும் கக்கும், ஆனால் அது இரையைக் கிழித்துத் தின்னும், அமிலமும் கடுமை, எலும்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். பருந்து உருண்டையைப் பிரித்துவிட்டு "எலும்பே இல்லையே" என்று ஏமாற வேண்டாம்.

எடுப்பது பெரியவர்கள் வேலை. தலைமையாசிரியர் கடிதத்தோடு கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள், வனச்சரக அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பகலில், டார்ச் அடிக்காமல், கோபுரத்துக்கு உள்ளே ஏறாமல், தரையில் விழுந்ததை மட்டும் எடுங்கள். சுவரில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் இருந்தால் அதற்கு நேர் கீழே தேடலாம். குஞ்சு சீறும் சத்தம் கேட்டால் அன்றைக்குத் திரும்பிவிட வேண்டும். இறகு கிடந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அழகாக இருக்கிறதே என்று இறகை எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவைத்தால் சிக்கல். இடத்தை வாட்ஸாப்பில் போடாதீர்கள். தீபாவளி நெருங்கும்போது மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

பழைய கோபுரத்தில் வௌவாலும் இருக்கும். காய்ந்த எச்சத்தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கலாம். என்95 முகக்கவசமும் கையுறையும் வேண்டும், எதையும் பெருக்கக்கூடாது, ஊதக்கூடாது.

கூகையின் உருண்டை பெருவிரல் அளவு, 3 முதல் 7 செ.மீ. புதியது வார்னிஷ் அடித்த மாதிரி கறுப்பாக மினுங்கும். பழையது சாம்பல் நிறம், பொடியும். புள்ளி ஆந்தையுடையது சிறிது, வண்டு ஓடு நிறைய இருக்கும். மரநாய்க் கழிவும் நீளமாகத்தான் கிடக்கும், அதில் விதை தெரியும், நாற்றமும் வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, தேதியும் இடமும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.

அடுத்தது கிருமிநீக்கம். அலுமினியத் தாளில் சுற்றி 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் 40 நிமிடம். ஓவன் இல்லாவிட்டால் சமையலுக்கு இனி பயன்படுத்தாத பழைய குக்கர்: உள்ளே தண்ணீருக்கு மேல் தட்டு வைத்து, சுற்றிய உருண்டையை அதில் வைத்து, முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 20 நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறக்கவும். வீட்டுக் குக்கரில் வேண்டவே வேண்டாம். ஃபிரீசரில் வைத்தால் உள்ளேயிருக்கும் அந்துப்பூச்சிப் புழு சாகும், சால்மோனெல்லா என்ற பாக்டீரியா சாகாது. ஆகவே அதை மட்டும் நம்பி மாணவியின் கையில் கொடுக்காதீர்கள்.

இனி மாணவி செய்யலாம். வெள்ளைத் தட்டு, வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஊறல். மயிர் தளர்ந்ததும் இடுக்கியால் இழுக்காமல், ஊசியால் விலக்கி எலும்பை விடுவிக்க வேண்டும். மண்டையோட்டின் மூக்குப் பகுதி காகிதம் மாதிரி, அழுத்தினால் போச்சு. கழுவிய நீரை அப்படியே கொட்டாமல் டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். சுண்டெலியின் கீழ்த்தாடை அரிசி அளவுதான், மயிரோடு போய்விடும். பெரிய எலி மட்டும் கணக்கில் வந்து, "எங்க ஊர் கூகை பெரிய எலிதான் தின்னும்" என்ற தவறான முடிவு அப்படித்தான் பிறக்கிறது.

அடையாளம் காணப் பல் போதும். முன்னால் இரண்டு மஞ்சள் கலந்த ஆரஞ்சு வெட்டுப்பல், அதன்பின் பெரிய இடைவெளி, பிறகு கடைவாய்ப்பல் என்றால் எலி வகை. இடைவெளியே இல்லாமல் வெள்ளை நிறத்தில் கூர்மையான பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. மேல் வெட்டுப்பல்லின் முன்பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடினால் வெள்ளெலி, இதை மேட்டுநிலப் பக்கம்தான் எதிர்பார்க்கலாம். வெட்டுப்பல்லைப் பக்கவாட்டில் பார்க்கும்போது நுனிக்குப் பின்னால் படி வெட்டிய மாதிரி தெரிந்தால் சுண்டெலி. அலகு இருந்தால் குருவி. தவளை என்றால் மெலிந்து நீண்ட இடுப்பெலும்பு கிடைக்கும், பல்லைத் தேடாதீர்கள்.

எண்ணும்போது எல்லாத் தாடையையும் கூட்டிவிடக்கூடாது. ஒரு எலிக்கு ஒரு மண்டை, ஒரு இடத் தாடை, ஒரு வலத் தாடை. ஒரு உருண்டையில் 3 மண்டை, 4 இடத் தாடை, 2 வலத் தாடை கிடைத்தால் 9 எலி ஆகாது, 4 எலி. மூன்றில் பெரிய எண்தான் விடை. இடம் வலம் பிரிக்க: பல் மேலே, வெட்டுப்பல் உங்களைவிட்டு விலகி முன்னோக்கி இருக்கும்படி பிடியுங்கள். தசை பிடித்திருந்த மேடு தெரியும் பக்கம்தான் வெளிப்பக்கம். அது இடப்புறம் இருந்தால் இடத் தாடை.

20 முழு உருண்டையாவது இருந்தால் சதவீதம் போடலாம். இரண்டு மூன்றை வைத்துச் சதவீதம் போடாதீர்கள். உடைந்து குவிந்து கிடப்பதைத் தனிப்பெட்டியில் வையுங்கள், எது எத்தனை உருண்டை என்று யாராலும் சொல்ல முடியாது.

வரப்போரம்

எலும்புப்பெட்டி சொன்னதோடு ஒரு இணைப்பு. உங்கள் ஊர் விவசாயிகள் வயலில் டி வடிவப் பறவைத் தாங்கி (எலி, பூச்சி பிடிக்கும் பறவைகள் உட்காரும் குச்சி) நட்டிருந்தால், அதன் கீழும் உருண்டை விழும். தண்ணீர் நிற்கும் வயலில் அது கரைந்துவிடும் என்பதால், தாங்கிக்குக் கீழே நான்கு குச்சியில் பழைய உரச்சாக்கைத் தொட்டில் மாதிரி கட்டுங்கள். பகலில் அந்தத் தாங்கியில் உட்காருவது பெரும்பாலும் இரட்டைவால் குருவிதான். அதுவும் பூச்சி ஓடுள்ள சின்ன உருண்டை கக்கும், கூகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் விவசாயிகள் தாங்கியைப் பிடுங்கிவிடுவார்கள், சில்லைகள் உட்கார்ந்து கதிரைத் தின்னும் என்பதால். தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எலிக்கு என்ன மருந்து வைக்கிறார்கள் என்பதையும் மாணவி கேட்டு எழுதட்டும். புரோமோடையலோன் கட்டி தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு எளிதில் சிக்கும். எலியின் ஈரலில் தங்கிய மருந்து கூகைக்குப் போகும். எலியைக் குறைக்கக் கூகையும் வேண்டும், அதே வயலில் இந்தக் கட்டியும் வேண்டும் என்பது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கண்காட்சியில் பெற்றோர் நின்று படிக்கப் போவது இதைச் சொல்லும் பலகையைத்தான் என்பது என் கணிப்பு.

தெற்கு வீதி

மாணவி கட்டாயம் கேட்பாள்: "பாறு எங்கே?" பிணந்தின்னிக் கழுகு என்று பாடப்புத்தகத்தில் வருவது. டெல்டாவில் தேட வேண்டாம். தமிழ்நாட்டில் அவை கூடு கட்டி வாழ்வது நீலகிரி, ஈரோடு எல்லையில் உள்ள மாயாறு பள்ளத்தாக்கில். வெண்முதுகுப் பாறுகள் அங்கே ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு வைக்கின்றன.

ஏன் குறைந்தன என்பதை ஒரே அம்புக்குறிப் படமாகப் போடலாம். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து ஊசி, மாடு சில நாளில் சாகிறது, பாறு தின்கிறது, சிறுநீரகம் செயலிழந்து உடலுக்குள் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து சாகிறது. 2004-இல் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, 2006-இல் இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. மெலோக்சிகாம் பாறுக்குப் பாதுகாப்பான மாற்று. பாறுக்கு ஆபத்தான வேறு இரண்டு வலிமருந்துகளான அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டையும் கால்நடைக்குப் பயன்படுத்த 2023-இல் தடை செய்தார்கள். கால்நடை மருந்தகத்தில் இப்போது வலிக்கு எந்த ஊசி போடுகிறார்கள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதினால் அது உள்ளூர்த் தகவலாகிவிடும். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். தடை வந்து இத்தனை ஆண்டாகியும் எண்ணிக்கை ஏன் மெதுவாக ஏறுகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கரிச்சான்

வகைப்பாடு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பருந்து, கழுகு, வல்லூறு (இங்கே வைரி அல்ல, சிவப்பு வல்லூறு போன்ற ஃபால்கன் வகை) எல்லாம் ஒரே வரிசை என்று பல பழைய புத்தகத்தில் இருக்கும். 2008-இல் வந்த டிஎன்ஏ ஆய்வுக்குப் பிறகு வல்லூறு பருந்தைவிடக் கிளிக்கு நெருங்கிய உறவு என்று ஆகிவிட்டது. மாணவி படம் வரையும்போதே வித்தியாசம் காட்டலாம். வல்லூறின் மேலலகு ஓரத்தில் பல் மாதிரி ஒரு முனை உண்டு, இரையின் கழுத்தை அதனால் கடித்துக் கொல்லும். பருந்து, வைரிக்கு அது கிடையாது, அவை நகத்தால் குத்தி இறுக்கிக் கொல்லும். கூகை இரண்டிலும் சேராத தனி வரிசை.

மன்னை டியூஷன்

கடைசிச் சந்தேகம். எலும்பை வெள்ளையாக்கிக் கண்காட்சியில் வைக்க பிளீச்சிங் பவுடர் போடலாமா?

எலும்புப்பெட்டி

கூடாது. பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரித்துவிடும், இரண்டு மாதத்தில் தொட்டால் மாவாகும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் போட்டு, வெளுப்பு போதுமென்றால் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒருநாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சின்ன எலும்பு விரிசல் விடும். வெட்டுப்பல் தாடையிலிருந்து கழன்று வரும், பதற வேண்டாம், காய்ந்தபின் ஒரு சொட்டு ஃபெவிகால் வைத்து அதே குழியில் செருகலாம். எலிப்பல்லின் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டுமென்றால் ஒரு மண்டையோட்டை வெளுக்காமல் விடுங்கள். கறுப்பு அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு கட்டம், கட்டத்தின் மூலையில் எடுத்த தேதி. ஈரம் இருக்கும்போது ஒட்டினால் அட்டை சுருளும்.